பார்க்கக்காவும் மணிக்கூண்டுக் கீறலும்

பார்க்கக்காவை நான் முதலில் பார்த்தபோது, அவர் என் பட்டச் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். கள்ளநோட்டா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் குடும்பத்துக்குள் பட்டம் என்று ஒன்று வந்ததே அதுதான் முதல் தடவை. அப்பா அதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா மூன்றையும் உரித்துவிட்டார். பிறகு விண்ணப்பத்தில் இருந்த தகப்பன் பெயரையும் சான்றிதழில் இருந்ததையும் எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். அங்கே வேலைக்குச் சேர்ந்து அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்த பிறகு, அவர் வாயாலும் மற்றவர்கள் வாயாலும் கேட்டுச் சேர்த்தது இந்தக் கதை.

அது படக்கதைப் புத்தகங்கள் போடும் பதிப்பகம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஏறி வந்தால் நீளமாக ஒரே அறை, ஏழு மேசை, சுவர் முழுக்கப் பழைய இதழ்களைக் கட்டி அடுக்கிய அலமாரி. மாதம் ஐந்து தொடர்கள் வெளிவந்தன. ஐந்துக்கும் கதாநாயகர்கள் வேறு, ஊர் ஒன்று. ஒரு தொடரில் பாலம் இடிந்தால் மற்ற நான்கிலும் வண்டிகள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒன்றில் செத்தவன் இன்னொன்றில் டீ குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. இருபத்தொரு வருடமாக அதே வேலை.

ஒரு கட்டத்தில் நடப்பது வேறொரு தொடரில் தொடங்கிய சங்கதி என்றால், கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மணிக்கூண்டு 88 பார்க்க' என்று குறிப்பு வரும். அந்தப் 'பார்க்க'க்களை எழுதுவது அக்காதான். அதனால்தான் பார்க்கக்கா. ஒரு தடவை ஆசிரியரின் மனைவி தொலைபேசியில் "பார்க்கக்கா இருக்காங்களா?" என்று கேட்க, புதிதாக வந்திருந்த வரவேற்புப் பெண், "யாரைப் பார்க்கணும்கா?" என்று திருப்பிக் கேட்டது அலுவலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஜோக்.

பெயர் பொருத்தம்தான். அக்கா எதையும் எடுத்த எடுப்பில் நம்பியவர் அல்ல. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் தராசைப் பார்க்க மாட்டார், காய்கறிக்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பார். கணவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர், பொறுமைசாலி. "கல்யாணத்தன்னிக்கு நான் தாலி கட்டினேன், இவ முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு தடவிப் பாத்தா" என்பார். அக்கா அதை மறுத்ததில்லை.

ஐந்து தொடர்களில் 'மணிக்கூண்டு' என்பதைத்தான் அலுவலகத்தில் 'மூத்தது' என்பார்கள். நகரத்தின் நடுவே ஒரு மணிக்கூண்டு. அதற்குள் நாலு காவலர்கள். வெளியிலிருந்து வருபவர்கள் அதுதான் முதலில் தொடங்கியது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. முதலில் தொடங்கியது 'மாடி மருத்துவர்'. சரி, அதிகம் விற்பதா என்றால் அதுவும் இல்லை. நாலைந்து வருடமாகவே விற்பனையில் முந்தியது 'ஆறாம் விரல்'. பிறகு எப்படி மூத்தது? அக்காவிடம் கேட்டால் அலமாரியிலிருந்து எண்பத்தெட்டாம் இதழை உருவிக் காட்டுவார். அதில் ஒரு சண்டையில் கடிகாரத்தின் முள் ஒடிந்து நாலு இருபதில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் மற்ற நாலு தொடர்களை வரைந்தவர்களும், தெருவில் எங்கே மணிக்கூண்டு தெரிந்தாலும், காலையோ சாயங்காலமோ, நாலு இருபது என்றே வரைந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டாலும் வரைந்தார்கள்.

"வீட்ல மூத்தவன்னா முதல்ல பொறந்தவனா?" என்பார் அக்கா. "அவன் ஒண்ணு சொன்னா மத்தவங்க தன் பேச்சை மாத்திக்கணும். அவன் யாருக்காகவும் மாத்திக்கக் கூடாது. அவன்தான் மூத்தவன்."

அதற்கு அவரிடம் அளவுகோல் இருந்தது. யார் யாரைப் 'பார்க்க'ச் சொல்கிறார்கள் என்பதே அது. நாலு தொடர்களும் மணிக்கூண்டைப் பார்க்கச் சொல்லும். மணிக்கூண்டு இன்னொன்றைப் பார்க்கச் சொன்னதாக, தொடங்கிய நாளிலிருந்து ஒரு வரி கிடையாது.

சிக்கல் ஆரம்பித்தது ஆறாம் விரல் ஐம்பத்தேழாம் இதழில். பதினாலாம் பக்கம், மூன்றாம் கட்டம். கதாநாயகி கூரைமேல் ஓடுகிறாள்; தூரத்தில் மணிக்கூண்டு. கடிகாரக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக, சற்று வளைந்து, ஒரு கீறல்.

அக்காவுக்கு உடனே மூக்கில் வியர்த்தது. எண்பத்தெட்டாம் இதழில் முள் ஒடிந்த பிறகு குண்டு துளைக்காத கண்ணாடி மாற்றியாயிற்றே. கீறல் எப்படி விழும்? வழக்கம்போல் மஞ்சள் சீட்டு எடுத்து, அந்த வருடத்து வரிசை எண் போட்டு எழுதினார்: '31. கடிகாரத்தில் கீறல் கூடாது. குண்டு துளைக்காத கண்ணாடி. மணிக்கூண்டு 88 பார்க்க.' பக்கத்தின் ஓரத்தில் ஒட்டி, பக்கக்கட்டைத் திருத்த மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புத்தகம் அச்சாகி வந்தது. கீறல் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. சீட்டைக் காணவில்லை.

அக்காவின் சீட்டு காணாமல் போவது என்பது அந்த அலுவலகத்தில் நடக்காத காரியம். சண்டை போட்டிருக்கிறார்கள், "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று முனகியிருக்கிறார்கள். எடுத்துத் தூக்கிப் போட்டதில்லை. அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எடுத்தவன் உஷாராகிவிடுவான். இடத்தை மாற்றி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் திருத்த மேசை நேராகத் தெரியும்.

முதலில் சந்தேகப்பட்டது பேச்சு எழுதுகிறவரை. படங்களின் பலூன்களுக்குள் வசனம் எழுதுபவர் என்பதால் அவருக்குப் பெயரே பலூன்தான். பக்கங்கள் கடைசியாக அவர் கைக்குத்தான் போகும். அக்கா இரண்டு நாள் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். மூன்றாம் நாள் பலூன் தன் பேனாவை நீட்டி, "அக்கா, இதைத்தான பாக்குறீங்க? வேணும்னா எடுத்துக்கோங்க, நானும் எத்தனை நாள்தான் கூச்சப்படுறது" என்றார். அவர் சீட்டுகளைக் கிழிப்பவர் அல்ல, சேர்த்து வைப்பவர் என்பது பிறகு தெரிந்தது. அவர் மேசை இழுப்பறையில் பத்து வருடச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. அக்கா கோபத்தில் எழுதியதையெல்லாம் தனியாக ஒரு கட்டாக வைத்து, மனசு சரியில்லாதபோது எடுத்துப் படித்துச் சிரிப்பாராம். அந்தக் கட்டிலும் முப்பத்தொன்று இல்லை.

அடுத்த சந்தேகம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆறாம் விரல் எழுதுவது அக்காவின் கொழுந்தன். கணவரின் தம்பி, மாடி அறையில் குடியிருக்கிறான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவனை ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டுபோய் விட்டதே அக்காதான். தன் தொடரில் வந்த ஒரு கீறலை மூத்தது ஏற்றுக்கொண்டால் யாருக்கு லாபம்? அவனுக்குத்தானே. சாப்பாட்டு மேசையில் அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டால்கூட, இவனுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அக்காவுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் வெளியே போயிருந்த நேரம், காய்ந்த துணியைக் கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்தார். கை உள்ளே இருக்கும்போதே அவன் வாசலில் வந்து நின்றான்.

"என்ன தேடுறீங்க அண்ணி?"

"உன் சட்டைக்கு ஒரு பட்டன்."

"அதை என் கதைக் கட்டுக்குள்ளயா தேடுவாங்க?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கீறலைப் பற்றிக் கேட்டார்.  தான் எழுதவே இல்லை என்றான். ஓவியர் போட்டிருப்பார், நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டானாம். பிறகு ஒரு நாள் ஓவியரைப் பாராட்டினால், அவர் "நீங்கதான எழுதியிருந்தீங்க" என்றாராம். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாராட்டிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

அக்கா நம்பவில்லை. நம்பாமல்தான் திங்கட்கிழமை மூலப் படத்தை எடுத்துப் பார்த்தார். ஓவியர் கையால் வரைந்த தாளில் கீறல் இல்லை. அப்படியானால் அது ஸ்கேன் செய்யும்போது வந்திருக்க வேண்டும். அன்று அதே இயந்திரத்தில் அடுத்து வைத்தது எது என்று பார்த்தார். மாடி மருத்துவரின் ஒன்பதாம் பக்கம். அதே இடத்தில், அதே வளைவில், ஒரு நோயாளியின் வழுக்கைத் தலைமேல் அந்தக் கோடு ஓடியது. எல்லோரும் அதை நரம்பு என்று நினைத்திருக்கிறார்கள். அக்காவும் நினைத்திருக்கிறார். ஸ்கேனர் கண்ணாடியில் யாரோ ஒருவருடைய தலைமுடி விழுந்து கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சதி இல்லை, முடிதான் என்றால் ஒரு மனுஷிக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். அக்காவுக்கு இல்லை. முடி கீறலைப் போடும். சீட்டை எடுக்காதே.

அந்த வாரமே விடை வந்தது. மணிக்கூண்டு நூற்று நாற்பத்தொன்றாம் இதழின் கதைத்தாள் அக்காவின் மேசைக்கு வந்தது. எழுதியவர் கூண்டுக்காரர். ஆரம்பத்திலிருந்து அந்தத் தொடரை எழுதுபவர் அவர். பேசினால் மேசைக்குக்கூடக் கேட்காத ஆள். முதல் பக்கத்திலேயே கடிகாரத்தில் கீறல். அடியில், 'ஆறாம் விரல் 57 பார்க்க' என்று அவரே எழுதியிருந்தார். அக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தார். தன் வீட்டுக் கதவில் வேறொருவர் பூட்டுத் தொங்குவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

மேலே படித்தார். நாலு காவலர்களும் கீறலைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஒருவன் சொல்கிறான்: 'இது குண்டு துளைக்காத கண்ணாடி. வெளியிலிருந்து கீறல் விழாது.' அடுத்த கட்டத்தில் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் உள்ளிருந்து விழுந்த கீறல். நாலு பேரில் ஒருவன் துரோகி. யார்?

அக்காவுக்குக் கதை பிடித்துக்கொண்டது. ஆறு வருடத்தில் மணிக்கூண்டில் இப்படியொரு இதழ் வந்ததில்லை. பக்கத்தைப் புரட்டுகிற விரல் நிற்கவில்லை. முடித்த பிறகுதான் உறைத்தது. எண்பத்தெட்டில் கண்ணாடி மாற்றியது ஒரே ஒரு கட்டம். எழுதியவருக்கே மறந்துபோகிற சமாச்சாரம். இந்த நாலைந்து வருடத்தில் அதை ஞாபகப்படுத்தி எழுதியது ஒரே இடத்தில்தான். முப்பத்தொன்றாம் சீட்டில்.

அக்கா கூண்டுக்காரர் மேசைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தார்.  அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த மஞ்சள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கீறல் இல்லம்மா, முடின்னு எனக்கும் தெரியும். எத்தனை வருஷமா இந்த ஸ்கேனரைப் பாக்குறேன்?"

"அப்புறம் ஏன் சார்?"

"மூணு மாசமா எழுத ஒண்ணும் இல்ல. பழசையே திருப்பித் திருப்பிப் போட்டேன், யாரும் கண்டுக்கல. நீங்ககூட. உங்க சீட்டைப் படிச்சப்போதான், அட, உள்ளருந்து விழுந்தா?ன்னு தோணுச்சு. திருத்திட்டா அது போயிடும். அதான் எடுத்தேன்." சற்று நிறுத்திவிட்டு, "ஆசிரியருக்குத் தெரிஞ்சா என்னை வெச்சுக்க மாட்டாரு. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்" என்றார்.

அக்கா சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவந்தார். அதைக் கைப்பையில் வைத்து மூடினார். இதழ் அச்சாயிற்று. கடைகளில் நன்றாகவே போயிற்று. துரோகி யார் என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்தன.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியர் எல்லோரையும் உட்காரவைத்தார். வருகிற வருடம் ஐந்து தொடர்களையும் ஒன்றாக மோதவிட்டு ஒரு பெரிய கதை. ஒரு தொடர் முன்னால் போகும், மற்றவை அதன் பின்னால். முன்னால் போவது மாதாமாதம் வரும், மற்றவை குறைக்கப்படும். எது மூத்தது என்று அவரவர் தொடருக்காக அவரவர் பேசினார்கள். ஒருவர் வயதைச் சொன்னார், ஒருவர் விற்பனையைச் சொன்னார், மணிக்கூண்டு ஓவியர், தன்னுடையதில்தான் நாலு கதாநாயகர்கள், மற்றதில் ஒன்றொன்று என்றார். பலூன், "அப்ப நான்தான் சார் மூத்தவன், அஞ்சுலயும் என் கைதான் பேசுது" என்றார். கடைசியில் ஆசிரியர் கையை உயர்த்தி, வாதம் போதும், பார்க்கக்கா கணக்கெடுத்துச் சொல்லட்டும், அவங்க சொல்றதுதான் முடிவு என்றார்.

ஒரு வாரம் கெடு. அக்காவுக்கு அது தன் பெயரைப் பற்றிய கெடுவாகத்தான் பட்டது. மணிக்கூண்டு என்று சொல்லலாம். அதற்கு அந்தக் கீறலே பிழை, ஆறாம் விரல் 57 பார்க்க என்ற வரியே செல்லாது என்று நிரூபிக்க வேண்டும். சீட்டு கைப்பையில் இருந்தது. எடுத்துப் போட்டால் மூத்தது பிழைக்கும், சொந்தக் கொழுந்தனுக்கே எதிராகச் சொன்னவர் என்று தன் பெயரும் நிமிரும், கூண்டுக்காரர் வெளியே போவார். ஆறாம் விரல் என்று சொன்னால் இருபத்தொரு வருடமாக யாரும் கேள்வி கேட்காத அவருடைய சொல்லை முதல் தடவையாக எல்லோரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார், "அந்த ஒரு வரியை விட்டுடு. மத்த வரியெல்லாம் என்ன சொல்லுது?"

அக்கா மறுநாள் அலுவலகம் திறந்ததும் போய்க் கடைசி இரண்டு வருடத்து இதழ்களை மேசையில் பரப்பினார். ஒவ்வொரு 'பார்க்க'வும் அவர் கையால் எழுதியது. எண்ண எண்ண முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மாடி மருத்துவர் ஆறாம் விரலைப் பார்க்கச் சொல்லியிருந்தது, ஏழு தடவை. மற்ற இரண்டும் அப்படியே. மணிக்கூண்டைப் பார்க்கச் சொன்ன வரிகளில் முக்கால்வாசி எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று பழைய இதழ்களுக்குத்தான் போயின. புதிதாக நடந்த எதற்கும் யாரும் அங்கே போகவில்லை. காய்கறிக்காரரை, பலூனை, கொழுந்தனை, தாலி முடிச்சைக்கூடச் சந்தேகப்பட்டவர், மணிக்கூண்டை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. முடி விழுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அது மூத்தது என்ற பேரை மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னது நாலு வரி.

"மத்தவங்க எதைப் பாத்துத் தன்னை மாத்திக்கறாங்களோ, அதுதான் மூத்தது. ரெண்டு வருஷமா எல்லாரும் ஆறாம் விரலைத்தான் பாக்குறாங்க. கடைசியா மணிக்கூண்டும் பாத்துச்சு. அச்சேறினது அச்சேறினதுதான்."

அறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மணிக்கூண்டு ஓவியர், "அண்ணி ஸ்தானத்துல நல்லா செஞ்சுட்டீங்க" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பலூன் சிரிக்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் மோசமாக இருந்தது. ஆசிரியர், கணக்கைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டார். இதுவரை அவர் தாளில் கேட்டதில்லை. அக்கா கூண்டுக்காரரைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவின் கை கைப்பையின் ஜிப்பு வரை போயிற்று. அதற்குமேல் போகவில்லை.

எல்லாவற்றையும்விட உறைத்தது சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நடந்தது. கொழுந்தன் ஓட்டமும் நடையுமாக வந்து பக்கத்தில் நின்றான். சந்தோஷமாக இருப்பான் என்று அக்கா நினைத்திருந்தார். முகம் அப்படி இல்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எனக்காகவா சொன்னீங்க?"

"உனக்காகன்னா சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் நம்பறேன்" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே, நம்பவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம். பேருந்து வந்தது. அவன் அடுத்த பேருந்தில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டான்.

இப்போது ஆறாம் விரல்தான் அங்கே மூத்தது. மணிக்கூண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. கூண்டுக்காரர்தான் எழுதுகிறார், துரோகி யார் என்பதை இன்னும் சொல்லவில்லை. ஆறாம் விரலின் பக்கங்களைச் சரிபார்க்க ஆசிரியர் தனியாக ஆள் போட்டுவிட்டார். பார்க்கக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. மற்ற நாலு தொடர்களையும் அவர்தான் பார்க்கிறார். அவர் சீட்டு ஒட்டினால், இப்போதெல்லாம் பழைய இதழை எடுத்து ஒரு தடவை சரிபார்த்த பிறகுதான் திருத்துகிறார்கள்.